நம் கடிதங்கள் நம் கணினியில்!

பிரவுசருக்குள்ளேயே ஒரு மெயில் பெட்டி: சித்தூர், திருப்பதி வட்டாரத்து மாணவர்களும் சிறுதொழில் செய்வோரும் இதை ஏன் தொடங்க வேண்டும், எப்படித் தொடங்க வேண்டும்?

ஆந்திரத்தில் அரசுச் சான்றிதழ்களை இணையம் வழியே வழங்கும் ‘மீசேவா’ திட்டம் முதன்முதலில் தொடங்கப்பட்ட மாவட்டம் சித்தூர். ஆண்டு 2011, மாதம் நவம்பர். திருப்பதியும் அப்போது சித்தூர் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. 2022 ஏப்ரல் 4-ம் தேதிதான் தனி மாவட்டமானது. சாதிச் சான்று, வருமானச் சான்று, நிலப் பதிவுகள் என்று ஒவ்வொன்றுக்கும் தாலுகா ஆபீஸில் நாள்கணக்கில் காத்துக் கிடந்த மக்களுக்கு அது பெரிய விடுதலை. 2019 அக்டோபரில் ஊருக்கு ஊர் ‘சச்சிவாலயம்’ எனப்படும் கிராமச் செயலகங்கள் வந்தன. 2025 ஜனவரியில் ‘மன மித்ரா’ என்ற பெயரில் 161 அரசு சேவைகள் வாட்ஸ்அப்பிலேயே கிடைக்கத் தொடங்கின.

அரசு வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. ஆனால் நுழைவுத்தேர்வு, கல்லூரிச் சேர்க்கை, வேலைக்கான விண்ணப்பம் என்று எதை எடுத்தாலும் அதில் ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தை இன்னும் நம்மில் பலர் சொந்தமாக நிரப்புவதில்லை. ‘இ-மெயில் முகவரி’ என்ற கட்டம்.

யாருடைய மெயில் ஐடி?

நெட் சென்டருக்குப் போகிறோம். விண்ணப்பம் போடச் சொல்கிறோம். “மெயில் ஐடி இருக்கா?” என்று கேட்கிறார்கள். “இல்லை” என்றதும் இரண்டே நிமிடத்தில் அவர்களே ஒன்றை உருவாக்கிவிடுகிறார்கள். பாஸ்வேர்டை ரசீதின் பின்பக்கத்தில் எழுதித் தருகிறார்கள். கூட்டம் அதிகமுள்ள நாளில் அதுவும் இல்லை. கடையின் சொந்த மெயில் ஐடியையே கொடுத்து விண்ணப்பத்தை முடித்துவிடுகிறார்கள். உதவி செய்யத்தான் செய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த ரசீது தொலைந்த நாளில் அந்தப் பிள்ளையின் முகவரியும் தொலைகிறது.

விளைவு மெதுவாகத்தான் தெரியும். கவுன்சலிங் தேதி மாறியதாக வந்த கடிதம் யாரும் திறக்காத பெட்டியில் கிடக்கும். ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தில் திருத்தம் கேட்டிருப்பார்கள். கெடு முடிந்த பிறகுதான் தெரியவரும். பாஸ்வேர்டு மறந்து, புதிதாக ஒன்று கேட்டால், அதற்கான இணைப்பும் அந்தப் பழைய மெயிலுக்கே போகும்.

இதோடு முடியவில்லை. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தாமல் விட்ட தனிநபர் கணக்குகளை நீக்கிவிடும் நடைமுறையை கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. நெட் சென்டரில் அவசரத்துக்கு உருவாக்கி மறந்துபோன ஜிமெயில் கணக்கு, அதிலுள்ள கடிதங்களோடு சேர்ந்து அழிந்துபோக வாய்ப்பிருக்கிறது. ஜிமெயிலில் அழிக்கப்பட்ட முகவரியைத் திரும்ப யாரும் வாங்கவும் முடியாது. பத்தாம் வகுப்பில் கொடுத்த முகவரி, பட்டம் வாங்கி வேலைக்குப் போகும்போது இல்லாமல் போகிறது.

சொந்தமாக மெயில் ஐடி வைத்திருப்பவர்களிலும் பலருக்கு அது செல்போனுக்குள் மட்டும்தான் இருக்கிறது. போன் தொலைந்தால், சிம் மாறினால், ஓடிபி வராவிட்டால் கதவு மூடிக்கொள்கிறது. இணையம் இல்லாத இடத்தில், மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு கடிதத்தைத் தேடி எடுக்கவும் வழியில்லை.

இதற்கெல்லாம் எளிய மருந்து ஒன்று இருக்கிறது. சொந்த மெயில் முகவரி ஒன்றை உருவாக்கிக்கொள்வது. அதில் வரும் கடிதங்களை நம் கணினிக்கே கொண்டுவரும் மென்பொருள் ஒன்றைப் பழகிக்கொள்வது. அந்த மென்பொருளைத் தனியாகத் தேடி அலையவும் வேண்டாம். தினமும் திறக்கும் பிரவுசருக்குள்ளேயே அது இருக்க முடியும்.

குப்பம் கற்றுத் தந்த பாடம்

இந்த வட்டாரத்துக்குக் கணினி புதிதல்ல. தமிழ்நாடும் கர்நாடகமும் ஆந்திரமும் சந்திக்கும் மூலையில் இருக்கும் குப்பம், உலகமே திரும்பிப் பார்த்த ஒரு முயற்சிக்குக் களமாக இருந்த ஊர். 2002-ல் ஹியூலட் பேக்கர்டு நிறுவனம் ஆந்திர அரசோடு கைகோத்து இங்கே ‘ஐ-கம்யூனிட்டி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. குப்பம், குடிபள்ளி, சாந்திபுரம், ராமகுப்பம், வி.கோட்டா ஆகிய ஐந்து மண்டலங்கள். சுமார் 3 லட்சம் மக்கள். தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே தெருவில் கேட்கும் ஊர்கள்.

சமூகத் தகவல் மையங்கள் என்ற பெயரில் கணினி மையங்கள் திறக்கப்பட்டன. உள்ளூர்க்காரர்களே அவற்றைத் தொழிலாக நடத்தினார்கள். மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் சிலருக்கு டிஜிட்டல் கேமரா, சிறிய பிரிண்டர், அதற்கு மின்சாரம் தரச் சூரிய மின்பலகை ஆகியவை கிடைத்தன. மின்சாரம் இல்லாத இடத்திலும் அவர்கள் படம் எடுத்து, அங்கேயே அச்சிட்டுக் கொடுத்துச் சம்பாதித்தார்கள். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க டவுனுக்குப் பஸ் ஏறிய கிராமத்தார், தம் வாசலிலேயே படத்தை வாங்கிக்கொண்டார்கள்.

மூன்று ஆண்டுகளுக்கென்று வகுத்த திட்டம் அது. காலம் முடிந்ததும் நிறுவனம் விலகிக்கொண்டது. எந்தப் பெரிய நிறுவனத்தின் திட்டமும் ஒருநாள் முடியும், அது இயல்பு. குப்பத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதைத்தான்: மையத்தைத் திறந்து வைப்பது முதல் படி மட்டுமே. அந்த மையம் இல்லாமலும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் திறமை மக்கள் கைக்கு வருவதுதான் நிலைக்கும். கேமராவை இயக்கக் கற்றுக்கொண்ட பெண்ணிடமிருந்து அந்தக் கல்வியை யாரும் திரும்ப வாங்க முடியாது. மெயிலுக்கும் இதுவே பொருந்தும்.

கடிதம் எங்கே இருக்கிறது?

ஜிமெயிலையோ யாஹூவையோ பிரவுசரில் திறந்து படிக்கும்போது, கடிதம் அந்த நிறுவனத்தின் சர்வரில்தான் இருக்கிறது. நாம் பார்ப்பது அதன் காட்சி மட்டுமே. தபால் நிலையத்துக்குப் போய், கவுன்டரிலேயே நின்று கடிதத்தைப் படித்துவிட்டு, அதை அங்கேயே வைத்துவிட்டு வீடு திரும்புவதற்கு ஒப்பானது இது. ‘மெயில் கிளையன்ட்’ என்று சொல்லப்படும் மென்பொருள், அந்தக் கடிதத்தின் நகலை நம் வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்கி வைக்கிறது.

நகல் நம் கணினிக்கு வந்துவிட்டால் மூன்று நன்மைகள். முதலாவது, இணையம் இல்லாதபோதும் படிக்கலாம். பதில் எழுதி வைக்கலாம். இணைப்பு கிடைத்ததும் அனுப்பலாம். சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே சுமார் 70 கிலோமீட்டர் பஸ்ஸில் போய்வரும் மாணவருக்கு இது எவ்வளவு உதவும் என்று அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். இரண்டாவது, தேடல் நம் கணினியிலேயே நடப்பதால் பழைய கடிதமும் சட்டென்று கிடைக்கும். மூன்றாவது, ஒருவருக்கு இரண்டு மூன்று முகவரிகள் இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்க்கலாம். கல்லூரி கொடுத்த முகவரி, சொந்த முகவரி, கடையின் முகவரி என்று மாற்றி மாற்றி லாகின் செய்ய வேண்டியதில்லை.

பிரவுசருக்குள் மெயில் வந்த கதை

இந்த யோசனைக்கு வயது முப்பது. 1996-ல் வெளிவந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0 பிரவுசரிலேயே மெயில் படிக்கும் வசதி இருந்தது. 1997-ல் நெட்ஸ்கேப் கம்யூனிகேட்டர் வந்தபோது அது ‘மெசஞ்சர்’ என்ற முழுமையான மெயில் பகுதியாக வளர்ந்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தை விஎஸ்என்எல் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15-ல். சென்னையில் அந்தக் காலத்தில் டெலிபோன் லைன் வழியாக இணையத்தைத் தொட்ட முதல் தலைமுறைக்கு நெட்ஸ்கேப் நன்றாகவே நினைவிருக்கும்.

டயல்-அப் இணைப்பில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு. எனவே மெயிலை இறக்கிக்கொண்டு, லைனைத் துண்டித்து, நிதானமாகப் படித்து, பதிலை எழுதி, மறுபடி இணைத்து அனுப்புவதே வழக்கம். அந்தக் காலத் தமிழர்களுக்கு இன்னொரு சிரமமும் இருந்தது: மெயிலில் தமிழ் தெரிய வேண்டுமே! மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘முரசு அஞ்சல்’, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் உருவாக்கிய ‘மயிலை’ எழுத்துரு ஆகியவைதான் கடல் கடந்த தமிழர்களைத் தமிழிலேயே கடிதம் எழுத வைத்தன. அனுப்புபவரிடம் இருந்த எழுத்துரு பெறுபவரிடமும் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் திரை முழுக்கப் புரியாத குறிகள். யூனிகோடு பரவிய பிறகு அந்தத் துன்பம் ஒழிந்தது. இப்போது விண்டோஸ் கணினியிலேயே தமிழ்99, அஞ்சல் ஆகிய இரண்டு விசைப்பலகைகளும் கிடைக்கின்றன. எந்த மெயில் மென்பொருளிலும் நேரடியாகத் தமிழில் எழுதலாம்.

நெட்ஸ்கேப்பின் வாரிசாக வந்த மொசில்லா, 2004-ல் பாதையை மாற்றியது. பிரவுசருக்கு ஃபயர்ஃபாக்ஸ், மெயிலுக்குத் தண்டர்பேர்டு என்று இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தது. பிரிக்க மனமில்லாத தன்னார்வலர்கள் 2006 ஜனவரியில் சீமங்க்கி 1.0 என்ற பெயரில் பழைய ஒருங்கிணைந்த மென்பொருளைத் தொடர்ந்து கொண்டுவந்தார்கள்.

மற்றொரு கிளை நார்வேயில் வளர்ந்தது. யோன் ஸ்டெஃபன்சன் ஃபோன் டெட்ஸ்னர், கெய்ர் இவர்சோய் ஆகிய இருவரும் 1995-ல் தொடங்கிய ஓப்பரா நிறுவனம், 2003 ஜனவரியில் ஓப்பரா 7 பிரவுசருக்குள் ‘எம்2’ என்ற மெயில் கிளையன்டை வைத்தது. கடிதங்களை ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்துப் பூட்டி வைக்காமல், எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளத்தில் வைத்து, வேண்டியபடி வடிகட்டிப் பார்க்கும் முறை அதன் தனிச்சிறப்பு. 2013-ல் ஓப்பரா தன் எஞ்சினை மாற்றியபோது பிரவுசரிலிருந்து மெயில் வெளியேறியது. அதற்கு முன்பே, 2011-ல், நிறுவனத்தைவிட்டு விலகியிருந்த டெட்ஸ்னர், பின்னர் விவால்டி என்ற புதிய பிரவுசரைத் தொடங்கினார். அதன் முதல் பதிப்பு 2016 ஏப்ரலில் வந்தது. பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு, 2022 ஜூனில் விவால்டி மெயில் 1.0 வெளியானது. காலண்டரும், செய்தி ஓடைகளைப் படிக்கும் ஃபீட் ரீடரும் கூடவே வந்தன. இன்று பிரவுசரோடு சேர்ந்த மெயிலைத் தேடுபவருக்கு விவால்டி, சீமங்க்கி ஆகிய இரண்டும் முக்கிய வழிகள். இரண்டும் இலவசம். புதிதாகத் தொடங்குபவருக்கு விவால்டி எளிது என்பதால் அதையே இங்கே விளக்குகிறேன்.

தொடங்குவது எப்படி?

முதலில் ஒரு நிபந்தனை. இதைச் சொந்தக் கணினியில் மட்டும் செய்யுங்கள். நெட் சென்டர் கணினியிலோ கல்லூரி லேபிலோ செய்யவே கூடாது. கடிதங்கள் அந்தக் கணினியின் டிஸ்க்கில் பதிந்துவிடும்; அடுத்து வருபவர் படிக்கலாம். பொதுக் கணினியில் மெயில் பார்க்க நேர்ந்தால் பிரைவேட் விண்டோவில் திறந்து, முடிந்ததும் லாக்-அவுட் செய்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது, இணைப்பு. பழைய கடிதங்கள் அதிகமிருந்தால் முதல் முறை எல்லாம் இறங்க நேரமும் டேட்டாவும் ஆகும். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் தொடங்கினால் அன்றைய டேட்டா காலியாகலாம். வீட்டு வை-ஃபை கிடைக்கும் இடத்தில், இரவு நேரத்தில் தொடங்குவது நல்லது.

இனி படிகள்.

விவால்டியின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் பிரவுசரை இறக்கி நிறுவுங்கள். முதல்முறை திறக்கும்போது எவ்வளவு வசதிகள் வேண்டும் என்று கேட்கும். மெயில், காலண்டர் அடங்கிய முழுமையான நிலையைத் தேர்ந்தெடுங்கள். அதைத் தவறவிட்டாலும் கவலையில்லை. செட்டிங்ஸில் ஜெனரல் பகுதிக்குப் போய் மெயில், காலண்டர், ஃபீட்ஸ் வசதியை எப்போது வேண்டுமானாலும் ஆன் செய்யலாம்.

பிறகு மெயில் செட்டிங்ஸில் புதிய கணக்கு சேர்க்கும் பொத்தானை அழுத்தி, உங்கள் மெயில் முகவரியைக் கொடுங்கள். பெரும்பாலான சேவைகளுக்கு சர்வர் விவரங்களை அதுவே கண்டுபிடித்துவிடும். ஜிமெயில் என்றால் கூகுளின் லாகின் பக்கம் திறக்கும். அங்கே நுழைந்து அனுமதி கொடுத்தால் போதும். வெறும் பாஸ்வேர்டை மட்டும் வைத்து வெளி மென்பொருள்கள் நுழையும் பழைய வழியை கூகுள் 2022 மே மாத இறுதியில் மூடத் தொடங்கியது. பழைய யூடியூப் வீடியோக்களில் சொல்லும் வழி இப்போது பலிக்காமல் போவதற்கு இதுவே காரணம். யாஹூ பயன்படுத்துபவர்கள் தம் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் ‘ஆப் பாஸ்வேர்டு’ என்ற தனிக் குறியீட்டை உருவாக்கி, அதை இங்கே தர வேண்டியிருக்கும். நம் தமிழ்நாட்டு நிறுவனமான ஸோஹோவின் மெயிலை இலவசத் திட்டத்தில் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெளி மென்பொருளோடு இணைக்கும் ஐமேப் வசதி அதன் கட்டணத் திட்டங்களில்தான் உண்டு.

கல்லூரியோ கம்பெனியோ தந்த முகவரி என்றால், சர்வர் விவரங்களை அங்குள்ள கணினிப் பிரிவில் கேட்டு வாங்குங்கள். பாதுகாப்பான ஐமேப் இணைப்புக்குப் பெரும்பாலும் 993 என்ற எண்ணும், கடிதம் அனுப்ப 465 அல்லது 587 என்ற எண்ணும் பயன்படும்.

கணக்கைச் சேர்த்ததும் இடது ஓரத்து மெயில் பேனலில் படிக்காத கடிதங்களின் எண்ணிக்கை தெரியும். முதல் நாளே எல்லா வசதிகளையும் கற்க முயல வேண்டாம். மூன்றைப் பழகுங்கள்: தேடல், லேபிள், ஃபில்டர். ‘ஸ்காலர்ஷிப்’ என்று தேடி, அந்தத் தேடலையே ஒரு ஃபில்டராகச் சேமித்து வைத்தால், இனி வரும் ஸ்காலர்ஷிப் கடிதங்களெல்லாம் ஒரே இடத்தில் தெரியும். ஒரே கடிதம் இரண்டு மூன்று பட்டியல்களில் தெரியலாம். அதனால் நகல் பெருகுவதில்லை, இடமும் வீணாவதில்லை. முழுக் கடிதத்தையும் முன்கூட்டியே இறக்கி வைக்கும் அமைப்பு ஆன் செய்யப்பட்டிருக்கிறதா என்பதையும் மெயில் செட்டிங்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள். இணையமில்லாதபோது படிக்க அது அவசியம்.

ஐமேப்பா, பாப்பா?

கணக்கு சேர்க்கும்போது இந்த இரண்டு பெயர்கள் கண்ணில் படும். ஐமேப் முறையில் சர்வரில் இருப்பதும் உங்கள் கணினியில் இருப்பதும் ஒன்றையொன்று பின்தொடரும். போனில் படித்த கடிதம் கணினியிலும் படித்ததாகத் தெரியும். பாப் முறையில் கடிதம் கணினிக்கு இறங்கிவிடும். சர்வரில் நகல் இருக்க வேண்டுமா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். விவால்டி இரண்டையும் ஏற்கும்.

போனிலும் கணினியிலும் மெயில் பார்ப்பவர்களுக்கு ஐமேப்தான் சரி. செல்போனுக்கான விவால்டியில் இந்த மெயில் வசதி இல்லை. போனில் வழக்கமான மெயில் ஆப்பையே வைத்துக்கொள்ளலாம். ஐமேப் இருப்பதால் இரண்டும் ஒத்துப்போகும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: ஐமேப்பில் போனில் ஒரு கடிதத்தை அழித்தால் கணினியிலிருந்தும் அது போய்விடும். கணினியில் நகல் இருக்கிறது என்ற தைரியத்தில் எதையும் அழிக்காதீர்கள். மதிப்பெண் பட்டியல், பணி நியமனக் கடிதம், வங்கி ஒப்புதல் போன்றவற்றின் இணைப்புகளைத் தனியாக ஒரு ஃபோல்டரில் சேமித்து, பென்டிரைவிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கெல்லாம் பயன்?

சித்தூர் என்றால் மாம்பழம். தமிழ்நாட்டில் நாம் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் சொல்லும் தோத்தாபுரி ரகத்தை வாங்கிக் கூழாக்கும் தொழிற்சாலைகள் இங்கே நிறைய. அந்தக் கூழ் கடல் கடந்து போகிறது. வெளிநாட்டு வியாபாரம் என்றால் இன்வாய்ஸ், ஆய்வக அறிக்கை, கப்பல் சரக்கு ரசீது என்று ஒவ்வொன்றும் மெயிலில்தான் நடக்கிறது. சென்ற சீசனில் எந்த விலைக்கு ஒப்புக்கொண்டோம், எந்தத் தரம் கேட்டார்கள் என்பதைச் சில நொடிகளில் தேடி எடுக்க முடிந்தால், பேரத்தில் அதுவே பலம்.

பாதுகாப்பும் இதில் இருக்கிறது. ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தப் புதிய கணக்குக்குப் பணம் அனுப்புங்கள்’ என்று பழைய வியாபாரியின் பெயரிலேயே கடிதம் அனுப்பி ஏமாற்றும் கும்பல்கள் உலகெங்கும் இருக்கின்றன. முந்தைய கடிதங்களெல்லாம் ஒரே இடத்தில் இருந்தால், அனுப்பியவரின் முகவரியில் ஓர் எழுத்து மாறியிருப்பதை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். பணம் அனுப்பும் முன் பழைய போன் எண்ணில் பேசி உறுதி செய்துகொள்வது கட்டாயம்.

திருக்காளத்தியில் பேனாவால் வரையும் கலம்காரித் துணிகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஒரு துணிக்கு எந்த வடிவம், எந்த நிறம் என்று வாங்குபவர் எழுதிக் கேட்டதை வாட்ஸ்அப் உரையாடலில் தேடினால் நூறு ‘குட் மார்னிங்’ படங்களுக்கிடையே அது புதைந்திருக்கும். மெயிலில் தலைப்போடு வந்த ஆர்டர் அப்படித் தொலைவதில்லை. நகரி, புத்தூர் பக்கத்து விசைத்தறி உற்பத்தியாளர்களுக்கும் இதுவே பொருந்தும்.

திருப்பதி கல்வி நகரம். 1954-ல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், 1983-ல் தொடங்கிய ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், 2015-ல் வந்த ஐஐடி, ஐசர் என்று உயர்கல்வி நிறுவனங்கள் வரிசையாக இருக்கின்றன. ஆய்வு மாணவருக்குப் பேராசிரியர் எழுதிய திருத்தங்கள், ஆய்விதழ் ஆசிரியரின் பதில், மாநாட்டு அழைப்பு எல்லாமே மெயில்தான். படித்து முடித்ததும் கல்வி நிறுவனம் தந்த முகவரி நின்றுபோகலாம். அதற்கு முன்பே வேண்டிய கடிதங்களைச் சொந்தக் கணினியில் சேமித்து வைப்பது புத்திசாலித்தனம்.

கவனமாக இருக்க வேண்டிய இடங்கள்

நன்மையோடு பொறுப்பும் வருகிறது. கடிதங்கள் கணினியில் இருப்பதால் கணினிக்கே பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுவது அவசியம். அண்ணன், தங்கை, அப்பா எல்லோரும் ஒரே லேப்டாப்பைப் பயன்படுத்தும் வீடுகளில், விண்டோஸில் ஒவ்வொருவருக்கும் தனி யூசர் கணக்கு உருவாக்கிக்கொள்ளுங்கள். லேப்டாப்பை விற்கும் முன்பும், பழுதுபார்க்கக் கொடுக்கும் முன்பும் மெயில் கணக்கை அதிலிருந்து நீக்கிவிடுங்கள்.

மெயில் கணக்குக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள். மீட்புக்கான போன் எண் உங்களுடையதாகவே இருக்கட்டும். கணக்கு மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் பெட்டியில் வையுங்கள்.

திருப்பதி பெயரில் வரும் மெயில்களில் கூடுதல் கவனம் தேவை. தரிசன டிக்கெட், அறை முன்பதிவு என்று சொல்லிப் பணம் பறிக்கும் போலித் தளங்களைப் பற்றி திருமலை திருப்பதி தேவஸ்தானம் பலமுறை எச்சரித்திருக்கிறது. தேவஸ்தானத்தின் முன்பதிவுத் தளம் ஆந்திர அரசின் ‘ஏபி டாட் கவ் டாட் இன்’ முகவரியில் முடியும். கடிதத்தில் உள்ள இணைப்பை அழுத்தாமல், முகவரியை நாமே டைப் செய்து போவதுதான் பாதுகாப்பு. விவால்டி மெயிலில், கடிதத்துக்குள் வெளியிலிருந்து வரும் படங்கள் தாமாகத் திறக்காமல் தடுக்கப்படும். நாம் கடிதத்தைத் திறந்தோமா என்று வேவு பார்க்கும் சிறு படங்களை அது நிறுத்துகிறது. அனுப்பியவரைத் தெரியாவிட்டால் அந்தத் தடையை நீக்காதீர்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அதிகம்.

செய்ய வேண்டியது

இதற்குப் பெரிய முதலீடு எதுவும் தேவையில்லை. பிரவுசர் இலவசம், மெயில் முகவரி இலவசம். தேவைப்படுவது ஒரு மணி நேரமும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒருவரும்தான்.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். முதலாண்டு மாணவர்கள் உள்ளே வரும் வாரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் தம் பெயரில் ஒரு முகவரி, தம் எண்ணில் மீட்பு வசதி, கணினி வைத்திருப்பவர்கள் தம் கணினியில் ஒரு மெயில் கிளையன்ட் என்று அமைத்துக்கொண்ட பிறகு வகுப்புக்குப் போகட்டும். கிராம சச்சிவாலய ஊழியர்களுக்கும் நெட் சென்டர் நடத்தும் தம்பி தங்கைகளுக்கும் இன்னொரு வேண்டுகோள்: வாடிக்கையாளருக்கு மெயில் ஐடி உருவாக்கிக் கொடுக்கும்போது, பாஸ்வேர்டை அவரையே டைப் செய்ய வையுங்கள். இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும். ஒரு பிள்ளையின் படிப்பு அதில் தப்பிக்கலாம்.

இதைப் படிக்கும் உங்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பிள்ளையை அருகில் உட்கார வைத்து, கடைசியாகப் போட்ட விண்ணப்பத்தில் யாருடைய மெயில் ஐடி இருக்கிறது என்று பாருங்கள். அது வேறு யாருடையதாவது இருந்தால், அன்றைக்கே மாற்றுங்கள்.